வை. மு. கோதைநாயகி அம்மாள்

வை. மு. கோதைநாயகி அம்மாள் (டிசம்பர் 1, 1901 - பெப்ரவரி 20, 1960) தமிழ்ப் புதின எழுத்தாளர், நாடக ஆசிரியர், இதழாசிரியர், பதிப்பாளர், மேடைப் பேச்சாளர், இசைக் கலைஞர், விடுதலைப் போராட்ட வீரர் ஆவார். பள்ளி சென்று பயிலாத இவர் 115 புதினங்களை எழுதினார். 1925 ஆம் ஆண்டு முதல் ஜகன்மோகினி என்னும் மாத இதழைத் தம் வாழ்நாளின் இறுதி வரை, ஏறத்தாழ 35 ஆண்டுகள் நடத்தினார். இவரது கதைகள் சில திரைப்படங்களாக வெளிவந்துள்ளன. தமிழில் துப்பறியும் புதினம் எழுதிய முதல் பெண்ணாகவும் இவர் கருதப்படுகிறார். "நாவல் ராணி" என்று வாசகர்களால் அழைக்கப்பட்டார்.

பெண்கள் எழுதுவதே அரிதாக இருந்த காலத்தில் இவர் எழுதியதோடு நில்லாமல், எழுத்தை வெளியிடும் இதழையும் அச்சகத்தையும் தம் கையில் வைத்திருந்தார். இவரது எழுத்து வாழ்க்கை இடையறாது நீடித்ததற்கு இதுவே முதன்மையான காரணம் ஆகும்.

இளமைக்காலம்

கோதைநாயகி வைணவக் குடும்பம் ஒன்றில் என். எஸ். வெங்கடாச்சாரி, பட்டம்மாள் ஆகியோருக்கு மகளாகப் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாயை இழந்ததால் உறவினர்களிடம் வளர்ந்தார். அக்கால வழக்கப்படி 1907 ஆம் ஆண்டு, ஐந்தரை வயதில், இவருக்குத் திருமணம் நடந்தது. கணவர் வை. மு. பார்த்தசாரதி. அவரும் அப்போது சிறுவரே. "வை. மு." என்னும் முன்னெழுத்துகள் "வைத்தமாநிதி முடும்பை" என்னும் கணவரின் குடும்பப் பெயரைக் குறிப்பன.

கோதைநாயகிக்குப் பள்ளிக் கல்வி கிடைக்கவில்லை. வீட்டில் பெரியோர் சொல்லக் கேட்டுத் திருவாய்மொழி முதலியவற்றைக் கற்றார். புகுந்த வீட்டில் மாமியாரிடம் தெலுங்கு கற்றுக்கொண்டார். இயல்பாகவே நல்ல குரல்வளம் கொண்டிருந்ததால் கருநாடக இசையிலும் பயிற்சி பெற்றார். அண்டை வீட்டுக் குழந்தைகளைச் சேர்த்துவைத்துக் கதை சொல்வது இளமையிலேயே இவருக்கு வழக்கமாக இருந்தது.

கணவர் பார்த்தசாரதி நாடகத்தில் ஆர்வம் உடையவர். சென்னையில் நடைபெற்ற நாடகங்களுக்குத் தம் மனைவியையும் அழைத்துச் சென்றார். இந்நாடகங்களைப் பார்த்தபோதே தாமும் கதை எழுத வேண்டும் என்ற எண்ணம் கோதைநாயகிக்குத் தோன்றியது.

எழுத்துலகில் நுழைதல்

கோதைநாயகியின் முதல் படைப்பு ஒரு நாடகம் ஆகும். இந்திர மோகனா என்னும் அந்நாடகம் 1924 ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. அதை உருவாக்கிய காலத்தில் இவருக்குத் தமிழைப் படிக்கத் தெரிந்திருந்ததே தவிர, தங்குதடையின்றி எழுதத் தெரியாது. எனவே தோழியான பட்டம்மாளிடம் நாடகத்தை வாய்மொழியாகச் சொல்ல, அவர் அதை எழுதினார். பின்னர் அத்தோழியின் உதவியுடனேயே எழுதவும் பழகிக்கொண்டார்.

சொல்லி எழுதப்பட்ட இத்தொடக்கம் இவரது நடையில் நிலையான தடம் பதித்தது. இவரது புதினங்களில் வருணனையைவிட உரையாடலே மிகுதி. கதைமாந்தர் மேடையில் பேசுவதுபோல் பேசுகின்றனர். உணர்ச்சி மிகுந்த இடங்களில் அவர்களின் பேச்சு நீண்டு செல்கிறது. வாய்விட்டுப் படித்தால் அருகிலிருந்து கேட்போருக்கும் கதை எளிதில் விளங்கும். வீட்டில் ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்கும் வழக்கம் இருந்த காலத்தில், எழுத்தறிவில்லாத பெண்களையும் இக்கதைகள் எட்டியதற்கு இது துணைசெய்தது.

ஜகன்மோகினி

கோதைநாயகி எழுதத் தொடங்கிய காலத்தில் தமிழில் புதினம் படிக்கும் பழக்கம் விரைவாகப் பரவிக்கொண்டிருந்தது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரின் துப்பறியும் கதைகளுக்குப் பெரும் வரவேற்பு இருந்தது. இவர்களுள் வடுவூர் துரைசாமி ஐயங்கார் கோதைநாயகியின் தொடக்கக்கால முயற்சிகளுக்கு ஊக்கமளித்தார். நின்றுபோயிருந்த ஜகன்மோகினி இதழை வாங்கி நடத்தலாம் என்ற எண்ணமும் அவர் வழியாகவே வந்தது.

1925 ஆம் ஆண்டு கோதைநாயகி அவ்விதழை விலைக்கு வாங்கி ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். இவரது முதல் புதினமான வைதேகி இவ்விதழில் தொடராக வெளிவந்தது. இதழின் விற்பனை பெருகியதும் சென்னை திருவல்லிக்கேணியில் சொந்தமாக அச்சகம் அமைக்கப்பட்டது.

தமிழில் பெண்களை ஆசிரியர்களாகக் கொண்ட இதழ்கள் இதற்கு முன்பும் வெளிவந்துள்ளன. பண்டிதை விசாலாட்சி அம்மாள் நடத்திய ஹிதகாரிணி, வி. பாலம்மாள் நடத்திய சிந்தாமணி ஆகியவை இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. எனினும் தொடர்கதையை முதன்மையாகக் கொண்டு, ஒரே பெண்ணின் பொறுப்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வெளிவந்தது ஜகன்மோகினியின் தனிச்சிறப்பு ஆகும்.

இதழும் அச்சகமும் பதிப்பும் ஓரிடத்தில் இருந்ததால் மூன்று நன்மைகள் விளைந்தன.

- எழுதியதை ஏற்றுக்கொள்ளும்படி வேறு ஆசிரியரையோ பதிப்பாளரையோ நாட வேண்டிய தேவை இல்லாமற்போனது. கைம்பெண் மறுமணம் போன்ற பொருள்களைத் தயக்கமின்றி எழுத முடிந்தது.
- இதழில் தொடராக வந்த கதை பின்னர் நூலாகவும் வெளியிடப்பட்டது. ஒரே உழைப்பு இருமுறை வருவாய் தந்தது.
- வேறு எழுத்தாளர்களுக்கும் இதழில் இடம் தர முடிந்தது. பெண்கள் பலரின் எழுத்து ஜகன்மோகினியில் வெளிவந்தது.

மேலைநாட்டிலும் ஏறத்தாழ இதே காலத்தில் இதற்கு ஒப்பான முயற்சி ஒன்று நடைபெற்றது. இங்கிலாந்தில் வர்ஜீனியா வுல்ஃப் தம் கணவர் லியோனார்டு வுல்ஃபுடன் சேர்ந்து 1917 ஆம் ஆண்டு ஹோகார்த் அச்சகத்தைத் தொடங்கினார். தாம் எழுதியதைத் தாமே வெளியிடும் உரிமை அவருக்கு அதனால் கிடைத்தது. இருவருக்கும் எழுத்தின் நோக்கமும் வாசகர்களும் முற்றிலும் வேறானவை. ஆனால் எழுதும் பெண்ணுக்குச் சொந்த அச்சகம் அளிக்கும் விடுதலை இருவர் வாழ்விலும் பொதுவாகக் காணப்படுகிறது.

எதிர்ப்புகள்

ஒரு குடும்பப் பெண் கதை எழுதுவதையும், இதழ் நடத்துவதையும், மேடை ஏறுவதையும் அக்காலச் சமூகம் எளிதில் ஏற்கவில்லை. உறவினரும் அண்டை அயலாரும் கோதைநாயகியை ஏளனம் செய்தனர். தெருவில் செல்லும்போது இழிமொழிகளையும் இவர் கேட்க நேர்ந்தது. கணவர் பார்த்தசாரதி இந்த எதிர்ப்புகளைப் பொருட்படுத்தாமல் மனைவிக்குத் துணைநின்றார். கோதைநாயகி சிறையில் இருந்த காலத்தில் ஜகன்மோகினி நிற்காமல் வெளிவருவதற்கும் அவரே பொறுப்பேற்றார்.

புதினங்களின் பொருளும் போக்கும்

கோதைநாயகியின் தொடக்கக்காலப் புதினங்களில் துப்பறியும் கதைக்குரிய மறைபொருள்களும் திருப்பங்களும் மிகுதி. விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்ட பின்னர் சமூகச் சீர்திருத்தமும் நாட்டுப்பற்றும் முதன்மை பெற்றன. குழந்தைத் திருமணம், வரதட்சணை, கைம்பெண்களின் நிலை, மதுப்பழக்கம், தீண்டாமை, பெண்கல்வி ஆகியவை இவர் மீண்டும் மீண்டும் எடுத்துக்கொண்ட பொருள்கள் ஆகும்.

தலைப்புகளிலும் இரு போக்குகளைக் காணலாம். வைதேகி, ராதாமணி, கௌரி முகுந்தன், ருக்மணிகாந்தன், நளினசேகரன் போன்றவை ஆட்பெயர்களைத் தலைப்பாகக் கொண்டவை. சோதனையின் கொடுமை, படாடோபத்தின் பரிபவம், புத்தியே புதையல், உளுத்த இதயம் போன்றவை கதை உணர்த்தும் கருத்தையே தலைப்பாகக் கொண்டவை. வடமொழிச் சொற்கள் கலந்த நடை அக்கால நடுத்தர வகுப்புப் பேச்சையும் எழுத்தையும் ஒட்டியது.

இவரது கதைகளில் பெண்ணின் துன்பத்திற்கு வழக்கமான தீர்வாக அமைவது குடும்பத்தை விட்டு வெளியேறுதல் அன்று. குடும்பத்திற்குள் நேரும் மனமாற்றமே. இதனால் இவரைச் சீர்திருத்த எழுத்தாளராகவும், மரபு வழி நின்றவராகவும் ஒருசேர மதிப்பிட இடமுள்ளது. கதையில் குடும்ப எல்லையைப் பெரிதும் காத்த இவர், வாழ்க்கையில் அவ்வெல்லையைக் கடந்து சிறைக்கும் மேடைக்கும் சென்றார் என்பது கவனத்திற்குரியது.

விடுதலைப் போராட்டத்தில்

1925 ஆம் ஆண்டு சென்னைக்கு வந்த காந்தியைச் சந்தித்தது கோதைநாயகியின் வாழ்வில் பெரும் மாற்றத்தை ஏற்படுத்தியது. பட்டாடையையும் விலையுயர்ந்த அணிகலன்களையும் விடுத்துக் கதர் உடுத்தத் தொடங்கினார். அம்புஜம்மாள், ருக்மணி லட்சுமிபதி, வசுமதி ராமசாமி ஆகியோருடன் இணைந்து பணியாற்றினார்.

1931 ஆம் ஆண்டு கள்ளுக்கடை மறியலில் கலந்துகொண்டு கைதானார். சிறைத் தண்டனையுடன் அபராதமும் விதிக்கப்பட்டது. அபராதத்தைக் கட்ட மறுத்ததால் தண்டனைக் காலம் நீட்டிக்கப்பட்டது. அடுத்த ஆண்டும் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றார். வேலூர்ச் சிறையில் இருந்தபோது உடனிருந்த பெண் கைதிகளின் வாழ்க்கை வரலாறுகளைக் கேட்டறிந்தார். சோதனையின் கொடுமை என்னும் புதினம் அவ்வனுபவத்திலிருந்து பிறந்தது. உத்தமசீலன் என்னும் புதினமும் சிறையில் எழுதப்பட்டதே ஆகும்.

மேடையும் இசையும்

கோதைநாயகி சிறந்த பேச்சாளராகவும் விளங்கினார். சத்தியமூர்த்தி, இராஜாஜி, காமராசர் முதலியோருடன் காங்கிரசு மேடைகளில் பேசினார். சிறு கதைகளைச் சொல்லி அவற்றின் வழியாகக் கருத்தை விளக்குவது இவரது பேச்சின் தனித்தன்மை ஆகும். எழுத்து, பேச்சு இரண்டிற்கும் கதை சொல்லும் திறனே அடிப்படையாக இருந்தது.

பொதுக்கூட்டங்களில் பாரதியாரின் பாடல்களையும் நாட்டுப்பற்றுப் பாடல்களையும் பாடினார். பிற்காலத்தில் புகழ்பெற்ற கருநாடக இசைப் பாடகியான டி. கே. பட்டம்மாள் (1919-2009) இளமையில் இவரிடம் ஊக்கம் பெற்றவர். இருவரும் பொதுமேடைகளில் சேர்ந்து பாடியுள்ளனர். உயர்குலப் பெண்கள் பொதுவிடத்தில் பாடுவது இழிவாகக் கருதப்பட்ட காலத்தில், முன்பே எதிர்ப்பைத் தாங்கிய ஒருவரின் துணை இளம் பாடகிக்கு உதவியாக அமைந்தது.

திரைப்படத் துறையில்

தமிழில் பேசும் படம் தோன்றிய சில ஆண்டுகளுக்குள் கோதைநாயகியின் கதைகள் திரைக்கு வந்தன. 1930களில் பெரும்பாலான தமிழ்ப் படங்கள் புராணக் கதைகளையே கொண்டிருந்தன. சமூகக் கதைகளைப் படமாக்க முன்வந்தோருக்கு, முன்பே வாசகர்களிடம் பெயர்பெற்ற புதினங்கள் ஏற்றவையாக இருந்தன.

- ராஜமோகன் (1937)
- அநாதைப் பெண் (1938) - ஜூபிடர் நிறுவனத்தின் தயாரிப்பு. ரகுபதி பிரகாஷ் இயக்கினார். எம். கே. ராதா நடித்தார்.
- சித்தி (1966) - தயாநிதி என்னும் கதையைத் தழுவியது. கே. எஸ். கோபாலகிருஷ்ணன் இயக்கினார். பத்மினி, ஜெமினி கணேசன், எம். ஆர். ராதா ஆகியோர் நடித்தனர்.

சித்தி வெளிவந்தபோது கோதைநாயகி உயிருடன் இல்லை. சிறந்த கதைக்கான தமிழக அரசின் விருது அவரது மறைவுக்குப் பின் அளிக்கப்பட்டது. கோதைநாயகி திரைப்படத் தணிக்கைக் குழுவின் உறுப்பினராகவும் பணியாற்றியுள்ளார்.

இவரது சமகாலத்தவரான டி. பி. ராஜலட்சுமி (1911-1964) வேறொரு வழியில் இதே நிலையை அடைந்தவர். மேடை நடிகையாகத் தொடங்கிய ராஜலட்சுமி, 1931 இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாசில் கதாநாயகியாக நடித்தார். புதினங்களும் எழுதினார். பின்னர் சொந்தமாகப் படநிறுவனம் தொடங்கித் தாம் எழுதிய கதையை மிஸ் கமலா என்னும் படமாக இயக்கி அதில் நடித்தார். கோதைநாயகிக்கு அச்சகம் எத்தகையதோ, ராஜலட்சுமிக்குப் படநிறுவனம் அத்தகையது. இருவரும் குழந்தைத் திருமணம் செய்துவைக்கப்பட்டவர்கள். இருவரும் தம் படைப்பை வெளியிடும் கருவியைத் தாமே உரிமையாக்கிக்கொண்டவர்கள்.

சமூகப் பணி

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கோதைநாயகியின் குடும்பம் சென்னையிலிருந்து சிங்கப்பெருமாள் கோயிலுக்குக் குடிபெயர்ந்தது. போரினால் ஏற்பட்ட காகிதத் தட்டுப்பாட்டுக்கு இடையிலும் இதழ்ப் பணி தொடர்ந்தது. நாட்டு மருத்துவத்திலும் பேறுகாலம் பார்ப்பதிலும் பழக்கம் உடையவராக இருந்ததால் அவ்வூர்ப் பெண்களுக்கு உதவினார்.

1948 ஆம் ஆண்டு காந்தி கொல்லப்பட்ட பின்னர் அவர் நினைவாக மகாத்மாஜி சேவா சங்கம் என்னும் அமைப்பைத் திருவல்லிக்கேணியில் தோற்றுவித்தார். ஏழைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பயிற்சி அளிப்பது அதன் நோக்கம். விடுதலைப் போராட்டப் பணிக்காக அரசு இவருக்கு அளித்த 10 ஏக்கர் நிலத்தை வினோபா பாவேயின் பூதான இயக்கத்திற்குக் கொடையாக வழங்கினார்.

இறுதிக்காலம்

கோதைநாயகி - பார்த்தசாரதி இணையருக்குச் சீனிவாசன் என்னும் ஒரே மகன் இருந்தார். அவர் 1956 ஆம் ஆண்டு காலமானார். அத்துயரத்திலிருந்து கோதைநாயகியால் மீள முடியவில்லை. காசநோயால் தாக்குண்டு தாம்பரம் காசநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கேயே 1960 ஆம் ஆண்டு பெப்ரவரி 20 ஆம் நாள் தமது 58 ஆவது வயதில் மறைந்தார்.

மறதியும் மீட்பும்

கோதைநாயகி இருந்தவரை அவரது நூல்களை அச்சிடவும் விற்கவும் அவரது சொந்த நிறுவனமே போதுமானதாக இருந்தது. அவருக்குப் பின் அப்பணியைத் தொடர ஆள் இல்லை. வேறு பதிப்பாளர்களைச் சார்ந்திராத வாழ்க்கை முறை, அவர் மறைந்ததும் நூல்கள் கடைகளிலிருந்து மறையக் காரணமாயிற்று. எழுதும் காலத்தில் விடுதலையளித்த ஏற்பாடே, மறைவுக்குப் பின் மறதிக்கு வழிவகுத்தது.

இலக்கியத் திறனாய்வின் போக்கும் இம்மறதிக்கு மற்றொரு காரணம் ஆகும். 1930களில் மணிக்கொடி இதழைச் சார்ந்து வளர்ந்த நவீன இலக்கியப் பார்வை, பொதுவாசகர்களுக்கான தொடர்கதைகளுக்கு உயர்ந்த இடம் தரவில்லை. மறுபுறம் ஆனந்த விகடன், கல்கி போன்ற வார இதழ்கள் புதிய நடையில் எழுதும் எழுத்தாளர்களை உருவாக்கின. மாத இதழில் வந்த பழைய நடைப் புதினங்கள் இவ்விரண்டிற்கும் இடையில் ஒதுங்கிப்போயின.

பின்னர்ப் பெண் எழுத்து குறித்த ஆய்வுகள் பெருகியபோது கோதைநாயகியின் மீது மீண்டும் கவனம் திரும்பியது. ஒரு புதினத்தின் இலக்கியத் தரத்தை மட்டும் நோக்காமல், அதை எழுதியவர், அச்சிட்டவர், வாங்கியவர் யார் என்ற கேள்விகளையும் எழுப்பும்போது ஜகன்மோகினி முதன்மையான சான்றாக அமைகிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழ்க் குடும்பங்களில் பெண்கள் எதைப் படித்தனர், எவற்றைப் பற்றிக் கவலைகொண்டனர் என்பதை அறிய அவ்விதழின் தொகுதிகள் உதவும்.

இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் தம் வாழ்நாளில் வெளியிட்ட நூல்களின் உரிமை அவரது மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளுடன் முடிவடைகிறது. இதன்படி கோதைநாயகி தம் பெயரில் வெளியிட்ட நூல்கள் 2021 ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் பொதுவுடைமை ஆகும். எவரும் அவற்றை மறுபதிப்புச் செய்யலாம், மின்னூலாக்கலாம். ஆனால் உரிமை கிடைத்த அளவிற்கு நூற்படிகள் எளிதில் கிடைப்பதில்லை. அக்காலத்து மலிவுக் காகிதம் விரைவில் பழுப்பேறி ஒடியும் தன்மையது. எஞ்சியுள்ள படிகளைத் தேடி எண்ணிமப்படுத்துவதைப் பொறுத்தே 115 புதினங்களில் எத்தனை வருங்கால வாசகர்களுக்குக் கிடைக்கும் என்பது அமையும்.

தேர்ந்தெடுத்த நூல்கள்

நாடகம்

- இந்திர மோகனா (1924)

புதினங்கள்

- வைதேகி (1925)
- பத்மசுந்தரன்
- சண்பகவிஜயம்
- ராதாமணி
- கௌரி முகுந்தன்
- நவநீத கிருஷ்ணன்
- கோபாலரத்னம்
- சியாமளநாதன்
- ருக்மணிகாந்தன்
- நளினசேகரன்
- உத்தமசீலன்
- மூன்று வைரங்கள்
- சோதனையின் கொடுமை
- படாடோபத்தின் பரிபவம்
- தியாகக்கொடி
- புத்தியே புதையல்
- அநாதைப் பெண்
- ராஜமோகன்
- உளுத்த இதயம்